கண் மூடிக் கேட்டவர்

ஊரில் பாதிப் பேரைத் தூங்க வைப்பவர் அவர்தான். கடைத்தெருத் திருப்பத்தில், கண்ணாடிக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே இருக்கிற மெத்தைக் கடை அவருடையது. பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள் வாசலிலேயே சுவரில் சாய்ந்து நிற்கும். உள்ளே ஒரு கட்டில் கிடக்கும். வாங்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் படுத்துப் பார்க்கலாம்.

"நல்லா புரண்டு பாருங்க, கூச்சப்படாதீங்க. இதுல படுத்தா விடிஞ்சதே தெரியாது. எங்க வீட்லயும் இதே மெத்தைதான்" என்பார்.

கடைசியில் சொன்னது மட்டும் சத்தியமான உண்மை. வீட்டிலும் அதே மெத்தைதான். அதில் படுத்துக்கொண்டு அவர் ஒரு விடியலைக்கூட விட்டுவைக்காமல் பார்த்து வந்தார்.

தூக்கம் ஏன் போனது என்று அவருக்கே தெரியாது. கடன் இல்லை, கவலை இல்லை, உடம்பில் ஒரு குறையும் இல்லை. பஞ்சு மெத்தையில் படுத்துப் பார்த்தார், நார் மெத்தையில் படுத்துப் பார்த்தார், ஸ்பாஞ்சில் படுத்துப் பார்த்தார், எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டு வெறும் தரையிலும் படுத்துப் பார்த்தார். வியாபாரியாக அதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு இல்லை. பக்கத்து ஊருக்குப் போய், ஆள் அடையாளம் தெரியாமல் தொப்பி போட்டுக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் டீயைக் குறைக்கச் சொன்னார், கவலைப்படுவதை விடச் சொன்னார், கடைசியாக, "மெத்தையை மாத்திப் பாருங்களேன்" என்றார். அந்த டாக்டர் பக்கம் அவர் அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வெளியே சொல்ல முடியாத வியாதி இது. மெத்தைக்காரனுக்கே தூக்கம் வரவில்லை என்று தெரிந்தால் நாளைக்குக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மனைவியிடம்கூட அவர் மூச்சுவிடவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் படுத்ததுதான். ஓர் அசைவு இருக்காது. கொடுத்து வைத்தவள் என்று பொறாமையோடு அந்த முதுகைப் பார்ப்பார். நம் கஷ்டம் நம்மோடு போகட்டும், அவளையும் எழுப்பிவிடக் கூடாது என்று இவரும் கட்டையாகக் கிடப்பார்.

இப்படி இருந்த மனிதர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நூலகர் கேட்டிருந்த நாற்காலித் திண்டைக் கொடுக்க நகர நூலகத்துக்குப் போனார். திரும்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நூலகத்தின் பின்கூடத்தில் ஏதோ கூட்டம். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, வெள்ளைத் துணியில் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் இயற்கை ஆர்வலர் சங்கத்தின் சொற்பொழிவாம். தலைப்பு, 'மண்புழுவும் நாமும்'. மழை விடும்வரை உட்காரலாம் என்று கடைசி வரிசையில் ஓர் இரும்பு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தார்.

பேசியவர் ஒரே சுருதியில் பேசினார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. படம் காட்டும் கருவி ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. மண்புழுவுக்குக் கண் கிடையாது என்று சொன்னது வரைக்கும் மெத்தைக்காரருக்கு ஞாபகம் இருந்தது. அடுத்து அவருக்குத் தெரிந்தது பளிச்சென்ற விளக்கும் கைதட்டலும்தான். வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். கழுத்து வலித்தது. ஆனால் மண்டைக்குள் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல ஒரு சுத்தம். தூங்கியிருக்கிறார்! கோழித் தூக்கமில்லை, அசல் தூக்கம். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மண்புழுவுக்காக ஒருவர் கண் கலங்கி அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. சங்கச் செயலாளரும் நூலகர்தான். அந்த அம்மாள் அன்றைக்கே அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்.

அதிலிருந்து ஒரு சனிக்கிழமை விடமாட்டார். கடையை மனைவியிடமும் மச்சானிடமும் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். நத்தை, பாசி, மேகம், அந்துப்பூச்சி என்று உலகத்தில் உள்ள சகலத்தைப் பற்றியும் அவர் தூங்கினார். ஒரு தடவை மண்புழுச் சொற்பொழிவின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வீட்டில் காதில் மாட்டிக்கொண்டும் படுத்துப் பார்த்தார். மண்புழுவின் ஜீரண மண்டலம் மனப்பாடமானதுதான் மிச்சம். அந்த இருட்டு, அந்த உறுமல், அந்த இரும்பு நாற்காலி எல்லாம் சேர்ந்தால்தான் தூக்கம் வரும் என்று புரிந்தது.

"வீட்லயும் போட்டுக் கேக்கறீங்களா சார்!" என்று நூலகர் நெகிழ்ந்துபோனார்.

நெகிழ்வதற்கு அந்த அம்மாளிடம் காரணம் இருந்தது. சங்கக் கூட்டத்துக்கு வருவதே ஒன்றரை வரிசை. அதில் பாதிப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் அந்தப் பாதிப் பேரின் செல்போனைப் பார்ப்பார்கள். இவர் ஒருவர்தான் கண்ணை மூடிக்கொண்டு, தாடை நெஞ்சில் படிய, அவ்வப்போது தலையை ஆட்டி ஆமோதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அவரப் பாருங்க, அப்படியே உள்ள போயிடறாரு" என்று நூலகர் மற்றவர்களுக்குக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் நடக்கும் பறவை பார்க்கும் நடைக்கு அவர் வருவதில்லை. நடந்துகொண்டே தூங்க முடியாது என்பதால் வருவதில்லை. பறவைகளைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனசு வரவில்லை என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு தடவை கையும் களவுமாக மாட்டியிருக்க வேண்டியது. குளங்களைப் பற்றிப் பேச வந்தவர், "குளம் வத்திப் போச்சு. கொக்கும் போயிடுச்சு" என்று முடித்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். சத்தம் நின்றதும் மெத்தைக்காரருக்கு விழிப்பு வந்துவிட்டது. எங்கே இருக்கிறோம் என்று பிடிபடவில்லை. கடையில் வாடிக்கையாளர் பேச்சை நிறுத்தினால் கேட்கிற அதே பழக்கத்தில், "அப்புறம்?" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்புறம்? அதான் கேள்வி! இத்தன ஊர்ல பேசியிருக்கேன், ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்ல."

மெத்தைக்காரர் திருட்டு முழி முழித்தார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விதி பொதுக்குழுக் கூட்டமாக வந்தது. சங்கத் தலைவராக இருந்த மருந்துக்கடைக்காரர், மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொல்லி விலகினார். வரவுசெலவுக் கணக்கைத் துணியில் காட்டுவதற்காக விளக்கை அணைத்திருந்தார்கள். அடுத்த தலைவர் யார் என்ற பேச்சு எழுந்தபோது மெத்தைக்காரர் கடைசி வரிசையில் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தார். அவர் பெயரை நூலகர் முன்மொழிந்தார். ஒருவர் வழிமொழிந்தார். "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா சார்?" என்று கேட்டார்கள். அவர் ஆட்சேபிக்கவில்லை. தலை ஒரு தடவை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது. கைதட்டல் அதிர்ந்தது. அதில் விழித்துக்கொண்டவர், யாரோ பேசி முடித்திருக்கிறார் என்று தானும் பலமாகக் கைதட்டினார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "வேண்டாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்" என்றார் இவர்.

"என்ன பேச்சு பேசறீங்க? சனிக்கிழமை அங்க போயிட்டு வந்தா உங்க முகமே வேற மாதிரி இருக்குங்க. எனக்குத் தெரியாதா? கடையை நான் பாத்துக்கறேன், நீங்க தாராளமா போங்க."

"அதில்ல..."

"ஒண்ணும் பேசாதீங்க. ஒத்துக்கோங்க."

கடையில் உதவிக்கு இருக்கும் அவளுடைய தம்பி வேறு சேர்ந்துகொண்டான். "மாமா, கடை போர்டுல போட்டுடலாமா? இயற்கை ஆர்வலர் சங்கத் தலைவர் மெத்தைகள்னு?"

"நீ ஊசிய எடுத்து ஓரத்தைத் தைக்கற வேலையப் பாரு மச்சான்" என்று எரிந்து விழுந்தார்.

தலைவர் என்றால் மேடையில் உட்கார வேண்டும் என்பது அவருக்கு அடுத்த சனிக்கிழமைதான் உறைத்தது. கூடத்தில் விளக்கை அணைத்தாலும் மேடையில் ஒரு விளக்கு எரியும். ஊரைப் பார்த்து உட்கார வேண்டும். ஊரும் அவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அன்றைக்குத்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு சொற்பொழிவை முழுசாகக் கேட்டார். வௌவாலைப் பற்றி. இதையா இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேசியவர் சொன்னதையே சொன்னார், படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, வௌவால் என்பதால் அதுதான் சரி என்று வாதாடினார். கொட்டாவியை மென்று விழுங்கி விழுங்கித் தலைவருக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. நூலகர் முன்வரிசையில் இருந்தவரிடம், "பாத்தீங்களா, வௌவாலுக்கும் அழறாரு" என்றார்.

இருந்த ஒரே தூக்கமும் போனது. கடையில் எல்லாம் தப்பும் தவறுமாக நடந்தது. பஞ்சு கேட்டவருக்கு நார் போனது. மெத்தை தைக்கும் நீள ஊசி விரலில் ஏறியது. ஒரு நாள் மெத்தை பார்க்க வந்த ஒருவர் கடைக் கட்டிலில் படுத்த உடனேயே தூங்கிப்போனார். வேறு கடைக்காரராக இருந்தால் அதைப் படம் பிடித்து மாட்டியிருப்பார். இவர் அந்த ஆளைத் தோளைப் பிடித்து உலுக்கி, "எந்திரிங்க! இதென்ன சத்திரமா?" என்று கத்தினார். வந்தவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். மனைவி கல்லாவில் இருந்தபடி இதைப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கண்ணில் ஏதோ கோளாறு என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேடையேறியும் பார்த்தார். அருமையான யோசனைதான். காளானைப் பற்றிய பேச்சில் கண் சொக்கியது, உடம்பு லேசானது, தலை மெல்லச் சரிந்து மேஜை மைக்கில் 'டொம்' என்று மோதியது. ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது. நேரமாகிவிட்டது என்று தலைவர் மைக்கைத் தட்டுகிறார் என்று பேச்சாளர் நினைத்துக்கொண்டு, பாதிக் காளானில் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

"இப்பதான் சார் சங்கத்துல ஒரு ஒழுங்கு வந்திருக்கு" என்றார் நூலகர். அதோடு நிற்கவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து தம் நாற்காலியைத் தலைவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, படத்துக்குப் படம் அவர் காதில் அபிப்பிராயம் கேட்க ஆரம்பித்தார்.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. வருஷக் கடைசியில் தலைவரே ஒரு சொற்பொழிவு செய்வது அந்தச் சங்கத்தின் வழக்கம். குடும்பத்தோடு எல்லோரும் வருவார்கள். அதில் கேவலமாகப் பேசிவிட்டால்? யாரும் ஒரு வார்த்தைகூடத் தாங்க முடியாத அளவுக்குப் பேசிவிட்டால், அவர்களே வேறு தலைவரைத் தேடிக்கொள்வார்கள். அவர் தம்பாட்டுக்குக் கடைசி வரிசைக்குத் திரும்பிவிடலாம். அந்த இரும்பு நாற்காலியை நினைக்கும்போதே அவருக்குக் கண் செருகியது.

தலைப்பு, 'பஞ்சு'. அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதிலும் சுவாரசியமான சங்கதிகளையெல்லாம் கவனமாகத் தள்ளிவிட்டார். மச்சானிடம் கடையில் இருந்த பஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். பஞ்சு மூட்டை, பஞ்சுக் குவியல், கிட்டத்தில் பஞ்சு, தூரத்தில் பஞ்சு.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே மாமா?"

"இருக்கட்டும். அதான் வேணும்."

அந்தச் சனிக்கிழமை கூடம் நிரம்பிவிட்டது. கடையை அடைத்துவிட்டு அவர் மனைவியும் வந்திருந்தாள். சங்கக் கூட்டத்துக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. தலைவர் வீட்டம்மா என்று முன்வரிசை நடுவில் உட்கார வைத்தார்கள். இருக்கிறதில் நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளை வைத்துக்கொண்டா சொதப்ப வேண்டும் என்று அவருக்கு மனசு இடித்தது. ஆனால் தூக்கம் தூக்கம்தான். மன்னித்துக்கொள்ளம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

விளக்குகள் அணைந்தன. தலைவர் நின்று பேச வேண்டும் என்பதற்காக மேடை விளக்கைத் தள்ளிவைத்திருந்தார்கள், அதன் வெளிச்சம் முன்வரிசைவரைக்கும் லேசாக விழுந்தது. மண்புழுக்காரரின் அந்த ஒற்றைச் சுருதியை நினைவில் கொண்டுவந்து ஆரம்பித்தார். "பஞ்சுன்னு எடுத்துக்கிட்டா, அதுல பல விதம் இருக்கு. சில பஞ்சு வெள்ளையா இருக்கும். சில பஞ்சு அவ்வளவு வெள்ளையா இருக்காது."

வெற்றி உடனே தெரிந்தது. முதலில் இருமல். பிறகு செல்போன்களின் நீல வெளிச்சம். பிறகு நாற்காலிகள் கிறீச்சிடும் சத்தம். ஒருவர் குனிந்தபடி வெளியே போனார், அவர் பின்னாலேயே ஒரு குடும்பம் போனது. மேடையோரம் இருந்த நூலகரின் முகம் தொங்கிப்போனது. மெத்தைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்பது ரகப் பஞ்சு இருப்பதாகச் சொல்லி முதல் ரகத்திலிருந்து ஆரம்பித்தார். பின்வரிசை மொத்தமாகக் காலியானது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முன்வரிசையிலிருந்து மெல்லிசாக, கெட்டிலில் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கிற மாதிரி ஒரு சத்தம். நின்று, மறுபடி கிளம்பி, ஒரு சின்ன விசிலோடு முடிந்தது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மெத்தைக்காரர் பேசிக்கொண்டே குனிந்து பார்த்தார். அவர் மனைவி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கைப்பை நழுவித் தரையில் கிடக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் தினமும் கேட்ட சத்தம். "நீ குறட்டை விடறே" என்று அவர் கேலி செய்வார், "நானா? சுத்தப் பொய்" என்று அவள் சாதிப்பாள். பிறகு எப்போதோ அது நின்றுபோனது. வயசானால் சிலருக்கு நின்றுவிடும் போல என்று அவர் விட்டுவிட்டார். எப்போது நின்றது? பஞ்சின் மூன்றாவது ரகத்தைச் சொல்லிக்கொண்டே அவர் யோசித்தார். அவருடைய தூக்கம் போன காலத்தை ஒட்டித்தான் அதுவும் நின்றது.

தூங்கினால் குறட்டை விடுகிற பெண் அவள். இத்தனை வருஷமாகச் சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு சத்தமும் இல்லாமல், ஓர் அசைவும் இல்லாமல் படுத்திருந்தாள். அப்படியானால் அவள் தூங்கவே இல்லை. அவரை எழுப்பிவிடக் கூடாது என்று அவளும் கட்டையாகக் கிடந்திருக்கிறாள். அவர் மட்டும் சனிக்கிழமை தவறாமல் கிளம்பி வந்து, இங்கே நிம்மதியாகத் தூங்கிவிட்டு முகம் தெளிந்து போயிருக்கிறார். அந்த நேரத்தில் அவள் கடையில் நின்று மெத்தை விற்றிருக்கிறாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் போலவும் இருந்தது, தொட்டால் விழித்துவிடுவாளே என்று பயமாகவும் இருந்தது. ஒரு கணம் பேச்சு நின்றது. நின்ற உடனே குறட்டையும் தடுமாறியது. அவள் புருவம் சுருங்கியது. அவர் பதறிப்போய், "நாலாவது ரகம்" என்றார். குறட்டை மறுபடி சீரானது.

கூடத்தில் சிரிப்பு பரவிவிட்டது. நூலகர் நாற்காலியை விட்டு எழுந்து, மேடையிலிருந்து இறங்கி அவளை நோக்கிப் போனார்.

"எழுப்பாதீங்க" என்றார் மெத்தைக்காரர், குரலை உயர்த்தாமல், அதே சுருதியில்.

நூலகர் திரும்பி மைக்குக்குப் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "இல்ல சார், பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? மெத்தைக்கடை வீட்டம்மா இரும்பு நாற்காலில இப்படித் தூங்கறாங்கன்னா..." கிசுகிசுத்தது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. இருந்த கொஞ்சம் பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் அநேகம் பேர் அவரிடம் மெத்தை வாங்கியவர்கள். கருவிக்குப் பக்கத்தில் நின்ற மச்சான், வேண்டாம் மாமா என்று தலையை ஆட்டினான்.

"அவ தூங்கட்டும் மேடம்" என்றார் அவர் மைக்கில். "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் ராத்திரித் தூக்கம் கிடையாது. வருஷக்கணக்கா கிடையாது. எனக்கு மட்டும்தான் இல்லைன்னு நான் நெனச்சிட்டு இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். நூலகர் முன்வரிசைக்குப் போய்க் குனிந்து, தரையில் கிடந்த கைப்பையைச் சத்தமில்லாமல் எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஐந்தாவது ரகத்தில் படங்கள் தீர்ந்துவிட்டன. துணியில் வெறும் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. ஒருவர் விளக்கைப் போட எழுந்தார். மெத்தைக்காரர் அவரைக் கையமர்த்தி உட்கார வைத்தார். முதல் படத்திலிருந்து திரும்பவும் போடச் சொல்லி மச்சானுக்குச் சைகை காட்டினார். பஞ்சு மூட்டை துணியில் வந்து நின்றது. குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "பஞ்சுன்னு எடுத்துக்கிட்டா..." என்று ஆரம்பித்தார்.